கடலில் மூழ்கியதால் பிழைத்த கணிப்பொறி



கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஈர்ப்பலைகளை ஆராயும் இருவர் 2024-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் கிரஹாம் வோன், மற்றவர் ஜோசப் பேலி. கருந்துளைகள் மோதும்போது எழும் நுண்ணிய அதிர்வை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது இவர்கள் தொழில். கட்டுரையோ கருந்துளையைப் பற்றியது அல்ல. அது வெளிவந்ததும் வானியல் இதழில் அல்ல, பிரிட்டனில் கடிகாரத் தொழில் செய்கிறவர்களின் இதழில். ஓர் உடைந்த வெண்கல வளையத்தின் அடியில் முதலில் எத்தனை துளைகள் இருந்திருக்கும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

வளையத்தில் கால்வாசிதான் மிச்சம். அதுவும் துண்டுதுண்டாக உடைந்து, ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்கிறது. ஆகவே நேராக எண்ண வழியில்லை. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நகர்ந்திருக்கலாம், துளையிட்டவரின் கை எவ்வளவு பிசகியிருக்கலாம் என்று எல்லாச் சாத்தியங்களையும் நிகழ்தகவுக் கணக்கில் போட்டுச் சலித்தார்கள். 354 அல்லது 355 என்று விடை வந்தது. துளைகள் அமைந்த வட்டத்தின் ஆரம் 77.1 மில்லிமீட்டர். துளைக்குத் துளை அந்த ஆரத்தில் இருந்த பிசகு சராசரியாக 0.028 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு பட்டறையில் யாரோ கையால் இட்ட துளைகள் அவை.

அந்த வளையம் இருந்த கருவிக்கு ஆன்டிகிதெரா இயந்திரம் என்று பெயர். 2023-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் காலப்பயணக் கருவியாக வந்து போனதே, அதற்கு மூலம் இதுதான். அசல் கருவி காலத்தில் யாரையும் எங்கும் கொண்டுபோய் விடாது. ஆனால் கிரகணம் எப்போது வரும் என்று சொல்லும். எனக்கு அதுவே போதும்.

கதை 1900-இல் தொடங்குகிறது. சிமி என்ற கிரேக்கத் தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுப்பவர்கள், கேப்டன் திமித்ரியோஸ் கோண்டோஸின் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆன்டிகிதெரா என்ற சிறு தீவுக்கருகில் மூழ்கிய எலியாஸ் ஸ்டாடியாடிஸ், அலறியடித்துக்கொண்டு மேலே வந்தார். அடியில் பிணக்குவியல் என்றார். கேப்டன் தானே இறங்கிப் பார்த்தபோது அவை வெண்கலச் சிலைகளும் சலவைக்கல் சிலைகளும் என்று தெரிந்தது. ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில், கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலின் மிச்சம். கிரேக்கக் கடற்படையின் உதவியோடு மறு ஆண்டும் பொருள்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் உண்டாகும் என்பதை யாரும் அந்தத் தொழிலாளர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒருவர் இறந்தார். இருவர் முடமானார்கள். ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இன்று நாம் வியந்து பார்க்கும் அந்த வெண்கல இளைஞனின் சிலைக்கு அவர்கள் கொடுத்த விலை இது.

சிலைகளோடு பச்சை பூத்த ஒரு கட்டியும் வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. 1902 மே மாதம், வெடித்துப் பிளந்த அந்தக் கட்டிக்குள் ஒரு பற்சக்கரம் தெரிந்தது.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அரை நூற்றாண்டுக்கு உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. கிரேக்கர்களிடம் பற்சக்கர இயந்திரம் இருந்திருக்க முடியாது என்பது பொதுவான நம்பிக்கை. அப்படியொரு நுணுக்கம் ஐரோப்பாவில் பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரக் கடிகாரங்களில்தான் வந்தது என்று பாடநூல்கள் சொல்லின. ஆகவே பிற்காலத்துப் பொருள் ஏதோ அங்கே விழுந்து கலந்துவிட்டது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். இதைத் துணிந்து கையில் எடுத்தவர் டெரெக் டி சொல்லா பிரைஸ். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அறிவியல் வரலாற்றுக்குத் திரும்பிய ஆங்கிலேயர். 1959-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரையில் இதைப் பண்டைய கிரேக்கக் கணிப்பொறி என்றே அழைத்தார். பின்னர் கரலம்போஸ் கரகாலோஸ் என்ற கிரேக்க இயற்பியலாளர் எக்ஸ்ரே படங்கள் எடுத்துக் கொடுக்க, 1974-இல் விரிவான நூலாகவே வெளியிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்கைப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

சந்திரன் 19 ஆண்டுகளில் வானத்தை 254 முறை சுற்றி வருகிறது. இது பாபிலோனியர்களுக்குத் தெரியும், கிரேக்கர்களுக்கும் தெரியும். சூரியனைக் காட்டும் முள் 19 முறை சுற்றும்போது, சந்திரனைக் காட்டும் முள் 254 முறை சுற்ற வேண்டும். இதைப் பற்சக்கரத்தில் எப்படிச் செய்வது? 254-ஐ இரண்டால் வகுத்தால் 127. அதற்குமேல் உடையாது, ஏனென்றால் 127 பகா எண். ஆகவே 127 பற்கள் கொண்ட ஒரு சக்கரம் வேண்டும். வட்டத்தைப் பாதி, பாதியில் பாதி என்று பிரித்து 128 பல் வெட்டுவது எளிது. 127 வெட்டுவது தலைவலி. கருவிக்குள் இருக்கும் தொடரைக் கேளுங்கள்: 64 பல் சக்கரம் 38 பல் சக்கரத்தை ஓட்டுகிறது, அதே அச்சிலுள்ள 48 பல் சக்கரம் 24-ஐ ஓட்டுகிறது, பிறகு 127 பல் சக்கரம் 32-ஐ ஓட்டுகிறது. 64-ஐ 38-ஆல், 48-ஐ 24-ஆல், 127-ஐ 32-ஆல் வகுத்து மூன்றையும் பெருக்குங்கள். 254-ஐ 19-ஆல் வகுத்தால் வருவதுதான் வரும், ஒரு பின்னம்கூட மிச்சமில்லாமல். கரகாலோஸின் எக்ஸ்ரே படங்களிலிருந்து இந்தத் தொடர் துலங்கியபோது பிரைஸுக்குத் தூக்கம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பின்பக்கத்தில் இரண்டு சுருள் முகப்புகள். மேலே உள்ளது 235 சந்திர மாதங்களுக்கானது. 19 ஆண்டுகளுக்கு 235 மாதங்கள், அதே சுழற்சி. கீழே உள்ளதில் 223 கட்டங்கள். 223 சந்திர மாதங்கள் என்பது 18 ஆண்டு, 11 நாள், எட்டு மணி நேரம். இன்று ஒரு கிரகணம் என்றால் அத்தனை காலம் கழித்து ஏறத்தாழ அதே மாதிரி ஒன்று வரும். அந்த எட்டு மணி நேரம் ஒரு தொல்லை. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் கிரகணம் வேறு தேசத்தில் தெரியும். அதற்காக உள்ளே இன்னொரு குட்டி முகப்பு வைத்து, எட்டு மணி கூட்டு, பதினாறு மணி கூட்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டத்துக்குள் சூரிய கிரகணமா, சந்திர கிரகணமா, எந்த மணி என்று குறி இருக்கிறது. பக்கத்தில் பொறித்த எழுத்துகளில் கிரகணத்தின் நிறம்கூடச் சொல்லப்பட்டிருக்கிறது. நிறத்தைச் சொன்னது வானியலா, சகுனமா என்று கேட்டால், அந்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவில் சுவர் எழும்பியிருக்கவில்லை என்பதுதான் பதில். இன்னொரு சிறு முகப்பு ஒலிம்பிக் முதலான விளையாட்டு விழாக்கள் எந்த ஆண்டில் வரும் என்று காட்டுகிறது. நம் ஊர்ப் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் கோயில் திருவிழாப் பட்டியல் இருக்குமே, அந்த வேலை.

இத்தனையும் சுமார் ஓர் அடி உயரமுள்ள மரப்பெட்டிக்குள். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை ஒரு சுற்றுச் சுற்றினால் 78 நாள் நகரும்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? பிரைஸ் சில இடங்களில் சறுக்கினார். தன் கருத்துக்கு ஒத்துவராத சில பல் எண்ணிக்கைகளைத் தானே திருத்திக்கொண்டார். அவருக்குப் பின் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் மைக்கேல் ரைட்டும், ஆஸ்திரேலியக் கணிப்பொறி அறிஞர் ஆலன் புரோம்லியும் 1990 முதல் ஏதென்ஸ் போய் அடுக்கடுக்காக எக்ஸ்ரே எடுத்தார்கள். புரோம்லி, சார்லஸ் பாபேஜ் வரைந்து வைத்துவிட்டுப்போன கணிப்பு இயந்திரத்தை லண்டனில் உண்மையாகவே செய்துபார்க்கத் தூண்டியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பற்சக்கரக் கணிப்பொறியை அறிந்த கண்தான் கிரேக்கர்களுடையதையும் படிக்க உட்கார்ந்தது. 2005-இல் துண்டுகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்பதால், பல டன் எடையுள்ள சி.டி. ஸ்கேன் இயந்திரத்தையே இங்கிலாந்திலிருந்து ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். 82 துண்டுகள், முப்பது பற்சக்கரங்கள், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே மறைந்திருந்த ஆயிரக்கணக்கான எழுத்துகள். கருவியோடு சேர்த்து அதன் விளக்கக் குறிப்பையும் கதவிலேயே பொறித்திருந்தார்கள். 2006-இல் நேச்சர் இதழில் முடிவுகள் வந்தன. 2021-இல் டோனி ஃப்ரீத் தலைமையிலான லண்டன் குழு, தொலைந்துபோன முன்பக்கத்துக் கோள் சக்கரங்களையும் கணித்துக் காட்டியது. வெள்ளிக்கு 462 ஆண்டு, சனிக்கு 442 ஆண்டு என்று முன்பக்க மூடியில் படித்த எண்கள்தான் அதற்கு அடிப்படை.

இவ்வளவிலும் என்னை அதிகம் ஈர்ப்பது ஒரு முளையும் ஒரு பள்ளமும்தான். சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவாகவும், தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகரும். அருகிலிருந்து மீண்டும் அருகில் வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்றுக் கூடுதலும் ஆகும். பற்சக்கரமோ ஒரே சீராகச் சுற்றும். சீரான சுழற்சியை எப்படித் தடுமாற வைப்பது? ஐம்பது பல் சக்கரங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அச்சுகளை மட்டும் 1.1 மில்லிமீட்டர் விலக்கி வைத்தார்கள். கீழ்ச் சக்கரத்தில் ஒரு முளை, மேல் சக்கரத்தில் ஒரு நீளப் பள்ளம். முளை பள்ளத்துக்குள் வழுக்கிக்கொண்டே மேல் சக்கரத்தைத் தள்ளும்போது அது சில நேரம் வேகமாகவும் சில நேரம் மெதுவாகவும் சுற்றும். இந்த ஜோடியை 223 பல் கொண்ட பெரிய சக்கரத்தின் முதுகில் ஏற்றியிருக்கிறார்கள். கிரகணச் சுழற்சியை ஓட்டும் அதே சக்கரம். ஒரு சக்கரத்துக்கு இரண்டு வேலை. செலவைக் குறைக்கத் தெரிந்த ஆசாரி.

இந்த இடத்தில் நாம் கிரேக்கத்தை விட்டுப் புதுச்சேரிக்கு வரலாம். வலிந்து இழுக்கவில்லை, உண்மையாகவே வழி இருக்கிறது.

1825-இல் சென்னையில் கால சங்கலிதம் என்ற நூல் அச்சானது. எழுதியவர் ஜான் வாரன், முன்பு சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த படை அதிகாரி. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரை அவர் சந்தித்தார். அந்த மனிதர் காகிதம், எழுதுகோல் எதையும் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தினார். 1825 மே 31 இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகு. அவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். சற்று இளக்காரமாகவே எழுதுகிறார். ஆனால் கைப்பிடியைச் சுற்றிய கிரேக்கருக்கு மட்டும் கோட்பாடு தெரிந்திருக்க வேண்டுமா என்ன? உங்கள் கைப்பேசியில் சாலை வழி பார்க்கிறீர்களே, செயற்கைக்கோளின் கணக்கு தெரிந்தா பார்க்கிறீர்கள்?

அவர் சொன்ன சொற்கள் என்ன? நம் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அவற்றால்தான். சந்திரனின் இடத்தை நாள்தோறும் சொல்லும் 248 வாக்கியங்கள், வரருசியின் பெயரால் வழங்குபவை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடபயாதி என்பார்கள். ஏன் 248? சந்திரன் அருகிலிருந்து அருகுக்கு வர ஆகும் அந்த இருபத்தேழரைக்குச் சற்றுக் கூடுதலான நாளை ஒன்பதால் பெருக்குங்கள். 248. ஆன்டிகிதெராவில் முளையும் பள்ளமும் செய்யும் அதே வேலையை இங்கே 248 சொற்றொடர்கள் செய்கின்றன.

கணக்கு முறை அழகானது. ஒரு தொடக்க நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று எடுத்துக்கொண்டு, பெரிய சுழற்சிகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் வேதம், அது 16,00,984 நாள். பிறகு ரசகெரிகா, 12,372. பிறகு கலாநிலம், 3,031. கடைசியில் தேவரம். ‘த’ வரிசையில் வரும் தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. திருப்பிப் படித்தால் 248. மிச்சம் எத்தனையோ அத்தனையாவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டியதுதான். இன்று கணிப்பொறி நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. வகுத்து மீதியை எடு, அட்டவணையில் தேடு. தினமும் எழுதுகிற இரண்டு வரி.

பாபிலோனியக் களிமண் பலகைகளைப் படித்துப் பெயர்பெற்ற ஓட்டோ நொய்கபவர் 1952-இல் தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அந்த 248-உம் 3,031-உம் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றிலும் இருக்கின்றன என்று கண்டு, புதுச்சேரிச் சோழிகளின் மூலம் பாபிலோன்வரை போகிறது என்றார். ஆன்டிகிதெராவின் 223-க்கும் 235-க்கும் மூலம் அதே பாபிலோன்தான். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் முன்னோர் எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வருமே, அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. வேற்றுக்கிரகத்தார் வந்து செய்து கொடுத்தார்கள் என்கிறவர்களோடும் இல்லை. வானத்தை முழு எண்களில் பிடித்துவைக்கலாம் என்பது பலர் கைமாறிய ஒரு யோசனை. கிரேக்கர் அதை வெண்கலத்தில் வெட்டினார்கள், இங்கே நாக்கில் ஏற்றினார்கள். கொண்டுவந்த எண்களைச் சொல்லாக்கி, அச்சகம் வரும்வரை பிழையில்லாமல் காப்பாற்றியது சிறிய காரியமில்லை.

இவை நமக்குத் தெரியவந்த விதத்தைப் பாருங்கள். ஆன்டிகிதெரா போல இன்னொன்று கிடைக்கவே இல்லை. ஆனால் முதல் முயற்சியிலேயே 223 பல் சக்கரத்துக்கு இரட்டை வேலை கொடுக்க எவராலும் முடியாது. இதற்கு முன் பல கருவிகள் இருந்திருக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் செய்த கோள உருவத்தை ரோமானியத் தளபதி மார்செல்லஸ் ரோமுக்கு எடுத்துப்போனதாகவும், தத்துவஞானி போசிடோனியஸ் அப்படி ஒன்று செய்ததாகவும் ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். அவையெல்லாம் எங்கே? உருக்கிவிட்டார்கள். வெண்கலம் விலைபோகும் உலோகம். பழுதான கருவி, பாத்திரமாகவோ காசாகவோ மாறிவிடும். கடலுக்கடியில் கிடந்தது மட்டும் உலைக்குப் போகவில்லை. நம்மூரிலும் திருவெண்காட்டு வெண்கல ரிஷபவாகன தேவர் மண்ணுக்குள் புதைந்து கிடந்ததால்தான் தஞ்சைக்கு வந்து நிற்கிறார். நடுவில் இரண்டு சாட்சிகள் உண்டு. கி.பி. ஆறாம் நூற்றாண்டளவில் செய்த, பற்சக்கரம் வைத்த ஒரு பைசாந்தியச் சூரியக் கடிகாரம் லண்டனில் இருக்கிறது. ஆயிரமாவது ஆண்டையொட்டி அறிஞர் அல்பிரூனி பற்சக்கர நாள்காட்டி ஒன்றை விவரிக்கிறார். ஆக, கலை சாகவில்லை. பொருள்கள்தான் உருகின.

புதுச்சேரிச் சோழிக் கணக்கு வாரன் தற்செயலாக உட்கார்ந்து கேட்டதால் அயல்நாட்டுக்கு எட்டியது. அவருக்கு அரை நூற்றாண்டுக்குமேல் முன்பே, வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தி தமிழரிடம் கிரகணக் கணக்குப் படித்தார். 1769 ஜூனில் மேகம் மூடியதால் வெள்ளியைத்தான் அவர் காணவில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். விஞ்ஞானத்தில் சண்டை இல்லாத இடம் செத்த இடம். அந்த வளையத்தின் அடியில் 354 அல்லது 355 துளை என்றேன். 354 என்பது பன்னிரண்டு சந்திர மாதங்களின் நாள் கணக்கு. ஆனால் அதே வளையத்தின் மேல் எகிப்திய மாதங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எகிப்திய ஆண்டுக்கு 365 நாள், லீப் வருடம் கிடையாது. நாலு வருடத்துக்கு ஒருமுறை வளையத்தை ஒரு துளை நகர்த்தி வைக்கத்தான் துளைகள் என்பது பழைய விளக்கம். 354 என்று முதலில் 2020-இல் சொன்ன குழுவில் ஒருவர் கிறிஸ் புடிசெலிக். ஆஸ்திரேலியக்காரர், பட்டறையில் தானே கருவியின் பிரதியைச் செய்து யூடியூபில் காட்டுகிறவர். அந்தக் குழு எடுத்த அளவுகளைத்தான் கிளாஸ்கோக்காரர்கள் கணக்கிட்டார்கள். ஃப்ரீத் ஏற்கவில்லை. பெயர் எகிப்தியம், துளை சாந்திரமானம் என்றால் கருவி எதைத்தான் காட்டியது? என் சொந்தச் சாய்வு 354 பக்கம். பெயர்ப்பலகையைவிடத் துரப்பணம் பொய் சொல்வது கடினம். ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

2025-இல் இன்னொரு வெடி. அர்ஜென்டினாவில் மார் டெல் பிளாட்டா பல்கலைக்கழகத்தின் எஸ்தெபான் ஸிகெட்டியும் குஸ்தாவோ அரேனஸும் கருவியைக் கணிப்பொறிக்குள் கட்டிச் சுற்றிப் பார்த்தார்கள். அதன் பற்கள் முக்கோண வடிவம். இன்றைய பற்கள்போல் வளைந்தவை அல்ல. முக்கோணத்தால் பெரிய கெடுதி இல்லை என்று தெரிந்தது. ஆனால் ஸ்கேனில் அளந்த பிசகுகளையும் சேர்த்துச் சுற்றியபோது, நாள்காட்டியில் நாலு மாதம் நகர்ந்ததும் பற்கள் மாட்டிக்கொண்டன, அல்லது கழன்றன. அப்படியானால் இது ஓடவே ஓடாத அலங்காரப் பொம்மையா?

அவர்களே அப்படிச் சொல்லவில்லை. இரண்டாயிரம் ஆண்டு உப்புநீரில் அரித்து வீங்கிய உலோகத்தை அளந்தால், ஆசாரியின் பிசகோடு கடலின் பிசகையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். முதலில் பிசகு இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும் என்கிறார்கள். ஓடாத கருவிக்கு யாராவது ஆயிரக்கணக்கான எழுத்தில் விளக்கம் பொறிப்பார்களா என்பது என் கேள்வி. அந்தக் காலத்திலும் வாங்குபவரை ஏமாற்றும் வியாபாரி இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம், அதையும் மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆன்டிகிதெராவில் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் அண்மையிலும் மூழ்கித் தேடினார்கள். முன்பக்கத்துக் கோள் சக்கரங்களில் ஒன்று கிடைத்தால் பாதி வழக்கு தீரும்.

முன்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்கள் ஐயா.